கேரானியும் கர்ணமும்: கொல்கத்தா எழுத்துப்பணிச் சொற்களின் வரலாறு

வங்கக் கதை ஒன்றைத் தமிழில் பெயர்க்க அமர்பவர் சில பக்கங்களைத் தாண்டுவதற்குள் ‘கேரானி’ என்னும் சொல்லைச் சந்தித்துவிடுவார். அகராதியை நாடினால் விடை எளிது: எழுத்தர். ஆயினும் அவ்விடையை இட்டு நிரப்பிய வாக்கியம் ஏனோ உயிரற்று நிற்கும். ‘அவர் ஓர் எழுத்தர்’ என்பது தமிழில் பணிப்பதிவேட்டுச் செய்தி மட்டுமே. வங்காளியர் கேரானி என்னும்போதோ நைந்த குடை, நெரிசலான டிராம் வண்டி, மாதக் கடைசிக் கடன், மேலதிகாரியின் அதட்டல் ஆகிய யாவும் அச்சொல்லுடன் சேர்ந்து வருகின்றன. இரக்கமும் எள்ளலும் ஏறத்தாழச் சம அளவில் கலந்த சொல் அது. தன்னைத்தானே அப்பெயரால் குறிப்பவர் வாயில் எள்ளல் கசப்பாக மாறும்.

ஒரு சமூகத்தார் தம் பிழைப்பைப் பற்றி என்ன உணர்ந்தனர் என்பதை அறிய நாட்குறிப்புகளையும் புதினங்களையும் நாடுவது வழக்கம். பணிப்பெயர்களையும் அவ்வகைச் சான்றாகக் கொள்ளலாம். (தொழிற்பெயர் என்பது இலக்கணத்தில் வேறு பொருள் தருமாதலின் இங்குப் பணிப்பெயர் என்றே வழங்குகிறேன்.) கொல்கத்தாவின் எழுத்துப்பணி இவ்வாய்வுக்கு ஏற்ற களம். அந்நகரம் எழுதுகோல் பிடித்தவர்களால் வளர்ந்தது. அப்பணியைக் குறிக்கும் சொற்களுள் பல தமிழிலும் வழங்குகின்றன. ஆனால் வேறு முகத்துடன் வழங்குகின்றன.

ரைட்டர்

கிழக்கிந்தியக் கும்பினியின் பணியடுக்கில் அடிப்படி ‘ரைட்டர்’ என்பது. அதற்கு மேல் பாக்டர், இளநிலை வணிகர், முதுநிலை வணிகர் என அடுக்கு உயரும். 1744இல் சென்னைக்கு வந்திறங்கிய ராபர்ட் கிளைவ் ரைட்டராகவே வந்தார். கல்கத்தாவில் இத்தகைய இளைஞர்கள் தங்குவதற்கென 1777இல் கட்டத் தொடங்கிய மாளிகையே ரைட்டர்ஸ் கட்டடம். பிற்காலத்தில் அது வங்க அரசின் தலைமைச் செயலகமாயிற்று. 2013இல் செயலகம் ஹவுராவிலுள்ள நபான்னவுக்கு மாற்றப்படும் வரை, ‘ரைட்டர்ஸ்’ என்றாலே அந்நகரில் ஆட்சி என்று பொருள்.

ஆக, எழுதுவோன் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் கல்கத்தாவில் அதிகாரத்தின் பெயராக உயர்ந்தது. அக்கட்டடத்தினுள் அமர்ந்து உண்மையில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அப்பெயர் கிட்டவில்லை, அவர்கள் கேரானிகள். தமிழகத்தில் ரைட்டர் என்னும் சொல் காவல் நிலையத்தில் குடிகொண்டது. அங்கே புகார் எழுதுபவர் இன்றும் ரைட்டர்தான். முறையீட்டுடன் வருபவர் அவரை ஐயா என்றே விளிப்பார்.

கேரானி, கரணம்

கேரானி என்பதன் பிறப்பை 1855இல் வெளிவந்த வில்சனின் சொற்களஞ்சியம் ‘கரண’ என்னும் வடசொல்லோடு இணைத்தது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அதனை எடுத்தாண்டது. ஆங்கிலத்தில் படியெடுக்கும் எழுத்தரையும், அவ்வேலையில் மிகுதியாக இருந்த ஆங்கிலோ-இந்தியரையும் இச்சொல் குறித்ததாக அந்நூல் கூறும். ஒடிசாவில் எழுத்துத்தொழில் புரிந்த குலத்தார் கரணர் எனப்படுவதையும் இங்கு நினைவுகூரலாம்.

இவ்விளக்கத்தை ஏற்றால் ஒரு வியப்பான உறவு புலப்படும். தமிழ்க் கல்வெட்டுகளில் கணக்கெழுதுவோன் ‘கரணத்தான்’ எனப்படுகிறான். சிலப்பதிகார உரை வழி அறியப்படும் எண்பேராயத்துள் கரணத்தியலவரும் ஒரு குழுவினர். வட தமிழகத்திலும் தெலுங்கு நாட்டிலும் ஊர்க்கணக்கரைக் குறித்த ‘கர்ணம்’ என்னும் சொல்லும் இவ்வழியினதே. எனவே கேரானியும் கர்ணமும் ஒரு வேரின் இரு கிளைகள் எனலாம்.

ஆனால் கர்ணத்தின் மீது யார் இரக்கம் கொண்டார்? நிலத்தின் எல்லை, வரி, பட்டா ஆகிய அனைத்தும் அவர் ஏட்டில் இருந்தன. அவர் எழுதியதே ஊரில் உண்மை. அப்பணி பரம்பரையாக வந்தமையால் அவரை அகற்றவும் இயலாது. 1980இல் தமிழக அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலரை நியமிக்கும் முறையைக் கொணர்ந்தது. அதுவரை, உழவர் அச்சத்துடனும் ஐயத்துடனும் உச்சரித்த பெயர் கர்ணம். கேரானி செய்ததும் அதே வேலைதான்: எண்ணும் எழுத்தும். ஆயினும் ஒருவர் அஞ்சப்பட்டார், மற்றவர் இரங்கப்பட்டார்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் மொழிநிலை அன்று என்பதற்கு மலேயா ஒரு சான்று. மலாய் மொழியில் எழுத்தரைக் குறிக்கும் சொல் ‘கெரானி’ என்பதே. அங்குள்ள ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் அதனைக் ‘கிராணி’ என வழங்கினர். (சித்த மருத்துவ நூல்களில் கிராணி என்பது கழிச்சல் நோயின் பெயர். இரண்டிற்கும் உறவில்லை, இந்த ஒப்புமையைக் கேலிக்குப் பயன்படுத்தாத தோட்டம் இருந்திருக்குமா என்பது ஐயம்.) பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளியாகவோ இருந்த அக்கிராணி, வேலைநாளைக் குறித்தார், சம்பளக் கணக்கு எழுதினார். கூலி அவர் கையில் இருந்தது. அங்கு அச்சொல்லில் இரக்கத்துக்கு இடமே இல்லை. கொல்கத்தாவில் குனிந்து நின்ற சொல் கடல் கடந்தபின் நிமிர்ந்துகொண்டது. எழுதுகோலின் எதிரே நிற்பவர் யார், அதை ஏந்தியவருக்குப் பின்னே நிற்பவர் யார் என்பவையே சொல்லின் மதிப்பை வகுத்தன.

சாக்ரி

கேரானி செய்வது ‘சாக்ரி’. பணியாள் எனப் பொருள்படும் பாரசீகச் ‘சாகர்’ என்பதினின்று வந்த சொல். தெலுங்கில் இது ‘சாகிரி’; கூலியின்றி வாங்கப்பெறும் கட்டாய உழைப்பை அங்கு ‘வெட்டிச் சாகிரி’ என்பர். வங்கத்தில் மாதச் சம்பளம் தரும் எல்லா வேலைக்கும் அதுவே பொதுப்பெயர். நீதிபதியும் சாக்ரிதான் செய்கிறார்.

1837இல் நீதிமன்றங்களில் பாரசீகத்தின் இடம் பறிபோயிற்று. 1844இல் ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கே அரசுப் பணியில் முன்னுரிமை என ஹார்டிஞ்சு அறிவித்தார். இவ்விரண்டும் சேர்ந்து ஆங்கிலம் படித்த பெருங்கூட்டத்தைச் சாக்ரியை நோக்கித் திருப்பின. கூட்டம் பெருகிய அளவுக்கு இடங்கள் பெருகவில்லை. கிடைத்த இடங்களிலும் ஏணியின் மேற்படிகள் ஐரோப்பியருக்கே உரியனவாக இருந்தன.

இவ்வாழ்வின் மனக்கசப்பைப் பதிவு செய்தவருள் முதன்மையானவராக யான் கருதுவது எழுத்தாளர் எவரையும் அன்று. தட்சிணேசுவரத்துப் பூசகரான இராமகிருஷ்ணரையே. அவருடைய உரையாடல்களை 1882 முதல் 1886 வரை குறித்து வைத்த மகேந்திரநாத் குப்தா பள்ளித் தலைமையாசிரியர். அடியார் பலர் அலுவலகம் செல்வோர். ஞாயிறும் விடுமுறை நாட்களுமே அவர்கள் வரக்கூடிய நாட்கள். சாக்ரியின் அடிமைத்தனத்தை இராமகிருஷ்ணர் மீண்டும் மீண்டும் பழித்தமையை வரலாற்றறிஞர் சுமித் சர்க்கார் 1992இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட நேரமும், வெள்ளை அதிகாரியின் அவமதிப்பும் கலியுகத்தின் அடையாளங்களாக உணரப்பட்டன என்பது அவர் விளக்கம். ஆயினும் இல்லறத்தாருக்கு இராமகிருஷ்ணர் கூறிய புகழ்பெற்ற உவமை எது? செல்வர் வீட்டில் எல்லா வேலையும் செய்துகொண்டு, மனத்தைத் தன் ஊரில் வைத்திருக்கும் பணிப்பெண். எந்தப் பணிவிடையைப் பழித்தாரோ, அதனுள் இருந்தே விடுதலைக்கான வழியையும் எடுத்துத் தந்தார். கேட்டிருந்த கேரானிக்கு அது எவ்வளவு பொருந்தியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பங்கிம் சந்திரரின் எள்ளல் வேறு வகையது. 1870களில் எழுதிய ‘பாபு’ என்னும் கட்டுரையில், திருமாலைப் போல் பாபுவுக்கும் பத்து அவதாரங்களை வகுத்து, முதல் அவதாரமாகக் கேரானியை வைத்தார். 1858 முதல் 1891 வரை அவரே துணை மாஜிஸ்திரேட்டாகச் சாக்ரி செய்தவர் என்பதை மறந்து அக்கட்டுரையைப் படித்தால் அதன் பாதிச் சுவை போய்விடும். பாபு என்பதும் பெரியோரைக் குறித்த மதிப்புச் சொல்லாக இருந்து, ஆங்கிலேயர் வாயில் குமாஸ்தாவைக் குறிக்கும் ஏளனச் சொல்லாக இழிந்ததே.

வேலைநேரமே வேலையின் பெயராக மாறியதும் கருதத்தக்கது. ‘தஷ்டா-பாஞ்ச்டா’, அதாவது பத்துமணி-ஐந்துமணி, என்பது அலுவலக வாழ்வுக்கு வங்கத்தில் வழங்கும் பெயர். வேலை என்னும் தமிழ்ச் சொல்லிலும் பொழுது என்னும் பொருள் உண்டு எனினும், இன்று அதைச் சொல்பவர் எவரும் கடிகாரத்தை நினைப்பதில்லை.

பொய்நண்பர்கள்

மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழும் இடங்கள் சிலவற்றை இனிக் காணலாம். ‘குமாஸ்தா’ என்பது நியமிக்கப்பெற்றவர் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். தமிழில் அவர் வக்கீல் வீட்டிலோ மண்டியிலோ குறைந்த ஊதியத்துக்குக் கணக்கெழுதும் எளியவர். டி.கே.எஸ். சகோதரர்கள் நிருபமா தேவியின் வங்க நாவலைத் தழுவி நடத்திய நாடகத்துக்குக் ‘குமாஸ்தாவின் பெண்’ எனப் பெயரிட்டனர். 1941இல் அது திரைப்படமாகவும் வந்தது. அத்தலைப்பைக் கேட்டவுடனேயே தமிழ் அவையோர் கண்ணீருக்குத் தயாராகியிருப்பர். ஆனால் வங்கத்துக் ‘கொமஸ்தா’ வேறு ஆள். 1753இல் கும்பினி, முன்பணம் பெற்றுத் துணி வாங்கித்தந்த வணிகரை விலக்கிவிட்டுத் தன் கொமஸ்தாக்களையே நெசவூர்களுக்கு அனுப்பியது. நெசவாளரை நெருக்கி ஒப்பந்தம் வாங்கியவர்கள் அவர்களே. பின்னாளில் ஜமீன்தாரின் குத்தகைப் பணம் தண்டியவரும் அப்பெயர் பெற்றார். வங்கக் கதையின் கொமஸ்தாவைத் தமிழில் குமாஸ்தா என்று எழுதினால், அடித்தவன் அடிபட்டவனாகிவிடுவான்.

‘உத்தியோகம்’ மற்றொன்று. வங்கத்தில் ‘உத்யோக்’ இன்றும் முயற்சி, முனைப்பு என்னும் வடமொழிப் பொருளிலேயே நிற்கிறது. தமிழிலோ அது சம்பளம் வாங்கும் பதவியாகச் சுருங்கிற்று. ஆண்மகனுக்கு உத்தியோகமே இலக்கணம் என்னும் பழமொழி தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கு ஆளெடுக்கும் விளம்பரமாகவே மாறிவிட்டது. ஒரே நிலையைத் தமிழர் முயற்சி என்றும் வங்காளியர் ஏவல் என்றும் பெயரிட்டனர். இங்கு உத்தியோகம் ‘பார்க்கிறோம்’. அங்குச் சாக்ரி ‘செய்கிறார்கள்’. இதைக் கொண்டு தமிழர் தம் அலுவலகங்களில் மகிழ்ந்திருந்தனர் என முடிவு கட்டலாகாது. பெயரிடும்போது தமிழர் பதவியை நோக்கினர், வங்காளியர் மேலாளை நோக்கினர் என்ற அளவிலேயே கூற இயலும்.

‘சம்பளம்’ என்பதைச் சம்பா, அளம் எனப் பிரித்து, நெல்லும் உப்பும் கூலியாகப் பெற்றதற்குச் சான்று காட்டுவாருண்டு. வழிச்செலவு, கட்டுச்சோறு எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு என்பதே எனக்கு ஏற்புடையது. அதே சொல் வங்கத்தில் ‘சம்பல்’ என நின்று, ஒருவருக்கு எஞ்சியுள்ள ஒரே பற்றுக்கோட்டைக் குறிக்கிறது. வங்காளியரின் சம்பளத்துக்கு ‘மாய்னே’ என்று பெயர். மாதந்தோறும் வருவது என்பது அதன் பொருள்.

உழைப்பின் சலிப்பைச் சொல்லும் மரபுத்தொடர்களும் ஒப்பிடத்தக்கன. வங்கத்தார் கேரானியின் வேலையைக் ‘கலம் பேஷா’, அதாவது பேனாவை அரைத்தல், என்பர். தொழிலைக் குறிக்கும் பாரசீகப் ‘பேஷா’வும் அரைத்தலைக் குறிக்கும் ‘பேஷா’வும் எழுத்தில் வேறுபட்டு ஒலிப்பில் ஒன்றாகிவிட்டன, தொழிலே அரைபடுவது என்று கேட்பவருக்குத் தோன்றினால் அது மொழியின் குறும்பு. நாமோ ‘கூலிக்கு மாரடித்தல்’ என்கிறோம். பிறர் வீட்டு இழவில் காசுக்கு அழுவது போல, உள்ளம் ஒட்டாது செய்யும் வேலை. வங்கத் தொடர் உடலின் அயர்வைச் சொல்கிறது. தமிழ்த் தொடர் உணர்வின் பொய்மையைச் சொல்கிறது. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பவர் கதைமாந்தரின் குற்றவுணர்வையே மாற்றிவிடுகிறார்.

இகழ்ந்த சொல்லின் பிற்காலம்

1932இல் வெளிவந்த தாகூரின் ‘புனஸ்ச’ தொகுப்பில் ஹரிபத என்னும் கேரானி வருகிறான். வணிக அலுவலகத்தில் கடைநிலை. மாதம் இருபத்தைந்து ரூபாய். விளக்குச் செலவை மிச்சப்படுத்தச் சியால்தா இரயில் நிலையத்தில் மாலைப் பொழுதைக் கழிக்கிறான். ஒரு குழலோசையில் அவனுக்கும் பேரரசர் அக்பருக்கும் வேற்றுமை இல்லாமற் போவதாகக் கவிஞர் காட்டுகிறார். கேரானி என்னும் சொல்லுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை. எனினும் அம்மரியாதை அலுவலகத்துக்கு வெளியில்தான் கிடைக்கிறது.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் பெண்கள் வேலை தேடி வெளியே வந்தனர். நரேந்திரநாத் மித்ராவின் கதையைக் கொண்டு சத்யஜித் ராய் 1963இல் எடுத்த ‘மஹாநகர்’ படத்தில், வங்கி ஊழியரின் மனைவி வீடுவீடாகச் சென்று பின்னல் இயந்திரம் விற்கிறாள். முதற் சம்பள நோட்டுகளுடன் அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் காட்சி மறக்கவொண்ணாதது. ஆண்கள் ஒரு நூற்றாண்டு அடிமைத்தனம் எனப் பழித்த சாக்ரி, அக்கண்ணாடி முன் விடுதலைக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. சொல் மாறவில்லை, சொல்பவர் மாறினார்.

1960களின் பிற்பகுதியில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவின் இலாகோ மாளிகையில் கணிப்பொறி நிறுவ முற்பட்டபோது, ஊழியர்கள் அக்கட்டடத்தைக் காவல்காத்து அதனைத் தடுத்தனர். அரைபட்ட பேனாவைக் காக்க அவர்கள் விழித்திருந்தனர். சாக்ரியை வெறுத்தல், சாக்ரியை இழக்க அஞ்சுதல் என்னும் இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்ததற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அண்மையில் யான் தமிழாக்கிய ஒரு வங்கச் சிறுகதையில் கேரானியைக் கேரானியாகவே விட்டு, முதன்முறை வருமிடத்தில் ‘பேனாவை அரைத்துப் பிழைக்கும்’ என்னும் அடைமொழியை மட்டும் சேர்த்தேன். கொமஸ்தாவுக்குக் காரியக்காரர் என்று எழுதினேன். அச்சுப்படி வந்தபோது முன்னவர் கணக்குப்பிள்ளையாகவும் பின்னவர் குமாஸ்தாவாகவும் திருத்தப்பட்டிருந்தனர். இரண்டையும் மீண்டும் மாற்றி, காரணத்தை விளக்கி ஒரு கடிதமும் இணைத்தனுப்பினேன். அக்கடிதம் நீண்டதன் விளைவே இக்கட்டுரை.