தொப்பிக் கடைக்காரரும் 225 டாலர் டிக்கெட்டும்

கச்சேரி டிக்கெட்டை ஏலம் விட்டா என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு 1850லேயே ஒரு மனுஷர் செஞ்சு பார்த்து விடை சொல்லியிருக்கார். சொன்னதோட நிக்காம, எந்த ஊர்ல எந்தக் கச்சேரிக்கு எவ்வளவு வசூல்னு சென்ட் வரைக்கும் கணக்கெழுதி, தன் சுயசரிதையில அட்டவணையாவே அச்சடிச்சு வெச்சுட்டுப் போயிட்டார். அவர் பி.டி. பார்னம். சர்க்கஸ் பார்னம்னா சட்டுனு தெரியும். ஆனா மனுஷர் சர்க்கஸுக்கு வந்ததே அறுபது வயசுல. அதுக்கு முன்னாடி நியூயார்க்கில் ‘அமெரிக்கன் மியூசியம்’னு ஒரு விநோதப் பொருட்காட்சி நடத்திக்கிட்டிருந்தார்.

ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டை அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வர்றதா ஒப்பந்தம். கச்சேரிக்கு ஆயிரம் டாலர், 150 கச்சேரி வரை. அதுக்காக 1,87,500 டாலரை லண்டனில் முன்பணமாக் கட்டணும். இத்தனைக்கும் அந்தம்மா பாடி பார்னம் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை! அந்த நெஞ்சழுத்தத்துக்கே ஒரு சல்யூட்.

1850 செப்டம்பர் 11, நியூயார்க் காசில் கார்டனில் முதல் கச்சேரி. (இதே காசில் கார்டன்தான் 1855க்கு அப்புறம் ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கினவங்களைப் பதிவு செய்யற இடமாச்சு.) நாலு நாள் முன்னாடி அங்கேயே டிக்கெட் ஏலம். ஏலத்தை வேடிக்கை பார்க்க உள்ளே போறதுக்கே ஒரு ஷில்லிங் கட்டணம். கொட்டற மழையில் மூவாயிரம் பேர் வந்தாங்களாம்.

முதல் டிக்கெட்டை 225 டாலருக்கு எடுத்தவர் ஜான் ஜெனின். தொப்பிக் கடைக்காரர், பார்னம் மியூசியத்துக்குப் பக்கத்துக் கடை. இது தற்செயல் இல்லைங்க. முதல் டிக்கெட்டை வாங்கினா நாடு முழுக்கப் பேர் பரவும்னு பார்னமே முன்கூட்டி ஜெனின் காதுல போட்டிருக்கார். அதோட விட்டாரா? மாத்திரை வியாபாரி பிராண்ட்ரெத் காதுலயும் போட்டு வெச்சார். ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தானே ஏலம் சூடு பிடிக்கும்! பிராண்ட்ரெத்தோட ஆள் பாதியில நிறுத்திட்டார், ஜெனின் ஜெயிச்சார். அப்புறம் ஜெனின் தொப்பிக்கு நாடு பூரா மவுசு.

இங்கதான் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். எல்லாப் பத்திரிகையிலயும் வந்தது 225. ஆனா அன்னிக்கு ஏலம் போன ஆயிரம் டிக்கெட்டுக்கு மொத்தம் கிடைச்சது 10,141 டாலர். சராசரி பத்து டாலர் சொச்சம். முதல் கச்சேரியோட மொத்த வசூல் 17,864 டாலர், வந்த கூட்டம் சுமார் ஐயாயிரம். அப்படின்னா தலைக்கு மூணரை டாலர். ஒரே கச்சேரிக்கு மூணு ‘விலை’: 225, பத்து, மூணரை. மூணும் நிஜம்தான். ஊருக்குத் தெரிஞ்சது முதல் விலை மட்டும். வரைபடத்தில் உச்சிப் புள்ளியைப் பார்த்துட்டு ‘இதான் ரேட்’னு நினைக்கிற வியாதி கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்ததில்லை.

அடுத்தடுத்த ஊர்ல இது போட்டியாவே ஆயிடுச்சு. நியூயார்க்கை விட நாங்க என்ன தக்காளித் தொக்கான்னு பாஸ்டனில் ஒசியன் டாட்ஜ்ங்கிற பாடகர் 625 டாலர் கொடுத்தார். அவரும் தொழில் விளம்பரத்துக்குத்தான். பிலடெல்பியாவில் ரூட்ங்கிற போட்டோக்காரர், அதே 625. பிராவிடென்ஸ்ங்கிற சின்ன ஊர்ல கர்னல் ராஸ் 653 டாலருக்கு எடுத்தார். எடுத்துட்டு கச்சேரிக்கே போகலை!

பார்னம் அட்டவணையைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா இன்னும் சுவாரசியம். பிராவிடென்ஸ் கச்சேரியின் மொத்த வசூல் 6,525 டாலர். அதாவது வசூலில் பத்தில் ஒரு பங்கு, காலியாக் கிடந்த ஒரே ஒரு நாற்காலியிலிருந்து. நியூயார்க்கில் ஜெனின் கொடுத்தது மொத்த வசூலில் நூத்துக்கு ஒண்ணே கால்தான். உச்ச விலை ஏறிக்கிட்டே போயிருக்கு, ஆனா அதுக்கும் ஊரோட உண்மையான தேவைக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் கச்சேரிக்கு முன்னாடியே ஒப்பந்தம் மாறுச்சு. ஜென்னி லிண்டுக்கு ஆயிரம் டாலர் நிச்சயம், வசூல் 5,500ஐத் தாண்டினா தாண்டினதில் பாதியும் அவங்களுக்கு. அதனால அட்டவணையில் 5,500ல குறுக்கா ஒரு கோடு போட்டுக்கிட்டுப் படிக்கணும். பாஸ்டன் ஏழு கச்சேரி, சராசரி 10,055. நியூயார்க் 35 கச்சேரி, சராசரி 8,177. பாஸ்டன்தான் பெரிசுன்னு அவசரப்பட்டுடாதீங்க. ஏழு தடவை பாடறதும் 35 தடவை பாடறதும் ஒண்ணா? பாஸ்டனிலேயே முதல் கச்சேரி 16,479, மூணாவது 8,639. ‘முதல் நாள் முதல் ஷோ’ மோகம் அங்கயும் அப்படித்தான். கோட்டுக்குக் கீழே ஹவானா: மூணு கச்சேரி, சராசரி வெறும் 3,478. அந்த ஊர்க்காரங்க அவ்வளவு விலை கொடுத்துப் பழக்கமில்லாதவங்க. குறைன்னாங்க, பார்னம் முடியாதுன்னுட்டார். கடைசியில் 95 கச்சேரிக்கு மொத்தம் 7,12,161 டாலர். அதில் லிண்ட் கையில் 1,76,675.

இப்ப 1867க்குத் தாவுவோம். சார்லஸ் டிக்கன்ஸ் தன் கதைகளைத் தானே மேடையில் படிச்சுக்காட்ட அமெரிக்கா வந்தார். டிசம்பர் 2 பாஸ்டன், டிசம்பர் 9 நியூயார்க் ஸ்டெயின்வே ஹால். ஏலம் கிடையாது. ஒரே விலை, ரெண்டு டாலர். கேட்க எவ்வளவு நியாயமா இருக்கு! ஆனா நடந்தது வேற. டிசம்பர் குளிரில் வரிசை. பக்கத்து ஓட்டல் சர்வர்கள் ஓடி வந்து வரிசையில் நிக்கறவங்களுக்குத் தெருவிலேயே டிபன் பரிமாறினாங்களாம். முன்னால நிக்கறவரோட இடம் மாத்திக்க மட்டும் அஞ்சு டாலர், பத்து டாலர். டிக்கெட்டே ரெண்டு டாலர்தான் என்பதை மறந்துடாதீங்க! புரூக்ளினில் ஜனவரி மாசம் நடந்தது இன்னும் மோசம். புரோக்கர் ஆளுங்க வைக்கோல் மெத்தை, கம்பளி, ரொட்டி, விஸ்கி சகிதமா வந்து, மர வீடுகள் நிறைஞ்ச குறுகலான தெருவில் நெருப்பு மூட்டிக்கிட்டுப் படுத்துட்டாங்க. நம்ம ஊர் பிளாக் டிக்கெட் அண்ணன்கள் எவ்வளவோ மேல்.

டிக்கன்ஸோட மேனேஜர் ஜார்ஜ் டால்பி, ஆளுக்கு இத்தனைதான்னு கட்டுப்பாடு போட்டுப் பார்த்தார். ஆளுக்கு ஆறுன்னு வெச்சுக்குவோம். புரோக்கர் கூலிக்கு அம்பது பேரை நிறுத்தினா 300 டிக்கெட். முடிஞ்சுது கதை. இன்னிக்கு அந்த அம்பது பேருக்குப் பதிலா மென்பொருள். அதைத் தடுக்க 2016 டிசம்பரில் அமெரிக்காவில் தனிச் சட்டமே போட்டாங்க. பாவம் டால்பி, பத்திரிகைகள் அவரைத்தான் கிழிச்சுத் தோரணம் கட்டின.

டிக்கன்ஸ் மொத்தம் 76 தடவை படிச்சார், வசூல் சுமார் 2,28,000 டாலர். சராசரி மூவாயிரம். இதுல புரோக்கருங்க சம்பாதிச்சது ஒரு சென்ட் கூட இல்லை. வித்த கணக்கை மட்டும் படிச்சா, 1867ல எல்லாரும் ரெண்டு டாலர்ல கேட்டுட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்கன்னுதான் தோணும். ஏலத்தில் கூடுதல் பணம் பார்னமுக்கும் பாடகிக்கும் போச்சு. ஒரே விலையில் அதே கூடுதல், மெத்தை போட்டுப் படுத்தவனுக்குப் போச்சு. ரசிகன் பர்ஸ் ரெண்டு வழியிலும் காலிதான். என்னைக் கேட்டா பாடகிக்குப் போறது மேல்.

டிக்கெட்மாஸ்டர் 2003ல நல்ல இருக்கைகளை இணையத்தில் ஏலம் விட்டுப் பார்த்தாங்க. ஆதித்ய பாவே, எரிக் புடிஷ்ங்கிற ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2007 கச்சேரிகளோட ஏல விலையையும் ஈபேயில் அதே டிக்கெட்டுகளோட மறுவிற்பனை விலையையும் ஒப்பிட்டாங்க. ரெண்டும் சராசரியா ஒட்டி வந்துச்சு. புரோக்கருக்கு மிச்சமில்லை, அச்சிட்ட விலையில் வித்திருந்தா கிடைச்சதைப் போல சுமார் ரெண்டு மடங்கு கலைஞர் பக்கம். கணக்குப்படி பிரமாதம்! ஆனா அந்த ஏலங்கள் கொஞ்ச வருஷத்தில் காணாமப் போச்சு.

மறுவிற்பனைத் தளங்களில் இப்ப காட்டற கோட்டையும் இதே கண்ணோட படிக்கணும். அங்க தெரியறது பெரும்பாலும் விக்கறவன் கேக்கற விலை, வித்த விலை இல்லை. நியாயமா விலை சொன்னவன் டிக்கெட் வித்துப் போயிடும், அநியாயமா சொன்னவனோடது தங்கும். ஆக, இருப்பு குறையக் குறைய கோடு ஏறினா அது தேவை கூடினதாலயும் இருக்கலாம், வெறும் கசடு மிஞ்சினதாலயும் இருக்கலாம். எத்தனை டிக்கெட் மிச்சம்ங்கிறதையும் சேர்த்துப் பார்த்தாத்தான் வித்தியாசம் பிடிபடும். கச்சேரிக்கு முந்தின நாளும் இருப்பு நிறைய இருந்தா, ராத்திரி ஒன்பது மணி பூக்காரம்மா நிலைமைதான் புரோக்கருக்கு. மல்லிகைப்பூவாவது மறுநாள் வாடிக் கிடக்கும், மேடை விளக்கு அணைஞ்ச டிக்கெட் சுத்தமா பூஜ்யம்.

2024 ஆகஸ்ட் 31ல ஒயாசிஸ் குழு டிக்கெட் விற்பனையப்போ, பிரிட்டனில் மணிக்கணக்கா இணைய வரிசையில் காத்திருந்தவங்க, நின்னு பார்க்கிற இடம் 148.50 பவுண்டுன்னு நினைச்சுப் போய் 355.20 பவுண்டைப் பார்த்து அலறினாங்க. இந்தத் தடவை கூடுதல் பணம் புரோக்கருக்குப் போகலை, விக்கறவங்களுக்கே போச்சு. ஆனாலும் ரசிகர்கள் போட்ட சத்தத்தில், அடுத்த மாசம் அறிவிச்ச வட அமெரிக்கக் கச்சேரிகளுக்கு அப்படி விலையை ஏத்தி விக்க மாட்டோம்னு அந்தக் குழுவே அறிக்கை விட்டுச்சு. திரும்பவும் டால்பி முறைக்கு!