பேனாவும் ஒரு பையும்

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அதை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தவர். சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துக்கம்தான் 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனையானது.

அதே 1954-இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சென் என்ற நர்ஸ், குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வெளியே வரவே கூச்சப்பட்ட தன் சகோதரிக்காக, உடம்பில் ஒட்டிக்கொள்ளும் பையை யோசித்தார். வயிற்றில் திறந்துவைத்த குடல்வாயிலிருந்து மலத்தை வாங்கிக்கொள்ளும் பை. 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், தன் நோயாளி நார்மா கில்லையே மற்றவர்களைக் கவனிக்க வேலைக்கு வைத்தார். அவர் நர்ஸ் இல்லை. குடல்வாயோடு வாழப் பழகியவர். ஸ்டோமா பராமரிப்பு தனித் துறையானது அங்கிருந்துதான்.

இன்று லேப்ராஸ்கோப்பி, ரோபோ என்று வந்து, நீண்ட வெட்டு சிறு துளைகளாகிவிட்டது. 'சின்ன ஆபரேஷன்தானே' என்கிறோம். ஆனால் உள்ளே எடுப்பது அதே மலக்குடல். பலருக்குச் சில மாதங்களாவது பை வேண்டும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே நர்ஸ் நோயாளியைப் படுக்க, உட்கார, நிற்க, குனியச் சொல்லி, வயிற்றில் பேனாவால் குறி வைக்கிறார். மடிப்பில் விழக்கூடாது, வேட்டியோ புடவையோ இறுக்கும் இடமாக இருக்கக்கூடாது, அவர் கண்ணுக்கே தெரிய வேண்டும். குறி தப்பினால் பை கசியும், தோல் புண்ணாகும், மனுஷர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார்.

இந்த அறுவை சிகிச்சையின் வரலாறு என்றால் சர்ஜன்களின் பெயர்களைத்தான் அடுக்குகிறோம். பேனாவோடு நிற்கும் அந்த நர்ஸுக்கும் அதில் இடம் வேண்டும் என்கிறேன் நான்.