வார்சா நகரமும் ஓட்டப்பந்தயமும்

நகரங்களின் வரலாற்றை அரண்மனைகளையும் கோட்டைகளையும் கொண்டு எழுதுவது பழைய வழக்கம். போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவுக்கு அவ்வழக்கம் முற்றும் பொருந்துவதில்லை. 1945 ஜனவரியில் ஜெர்மானியர் பிடியிலிருந்து அந்நகரம் மீண்டபோது, அதன் கட்டடங்களில் நூற்றுக்கு 85 பங்கு இடிபாடாகக் கிடந்தது. இன்று அங்கே பழைய நகரம் என்று காட்டப்படும் பகுதியும் அதன்பின் எழுப்பப்பட்டதே. கல்லும் சுண்ணாம்பும் அழிந்த அவ்வூரில் அழியாமல் எஞ்சிய பழக்கங்களுள் ஓடுவதும் மிதிவண்டி ஓட்டுவதும் இரண்டு. விளையாட்டையா வரலாறு என்கிறீர் என்று நேயர்கள் வினவலாம். வார்சாவில் இவை வெறும் விளையாட்டாக மட்டும் இருந்த காலம் மிகக் குறைவு என்பதே நான் இன்று கூற வந்த செய்தி.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் போலந்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. 1795க்குப் பின் போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. அடுத்த நூற்றாண்டில் வார்சா ரஷ்யப் பேரரசரின் ஆட்சிக்கு உட்பட்டுக் கிடந்தது. அத்தகைய நாளில், 1886இல், வார்சா மிதிவண்டியாளர் சங்கம் தோன்றியது. 1892இல் டினாசி என்னும் இடத்தில் சங்கத்தார் பந்தயத் தளம் ஒன்றையும் அமைத்துக்கொண்டனர். சொந்த அரசில்லாத மக்கள், தாமே கூடித் தாமே விதிவகுத்து நடத்திய அமைப்பு அது. சக்கரங்களின் வேகத்தைக் காட்டிலும் அந்தக் கூட்டத்தையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

1918இல் போலந்து விடுதலை அடைந்தது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களில் அந்நாட்டுக்கு முதற் பதக்கங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, நால்வர் கூடிய மிதிவண்டிக் குழு பெற்ற வெள்ளிப் பதக்கம். அந்நால்வருள் ஒருவர் வார்சாவில் பிறந்த தோமாஷ் ஸ்டான்கியேவிச். இவர் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சற்று நேரத்தில் மீண்டும் வரும்.

இனி ஓட்டக்காரரைக் காண்போம். யானுஷ் குசொச்சின்ஸ்கி 1907இல் வார்சாவில் இரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் அவர் விரும்பியது கால்பந்து. தொழிலாளர் விளையாட்டுச் சங்கம் ஒன்றில் சேர்ந்த பின்னரே ஓட்டத்தின்பால் திரும்பினார். எஸ்தோனியரான அலெக்சாண்டர் கிளும்பர்க் அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்தார். பிழைப்புக்காக அவர் செய்த வேலை வாஜியென்கி அரச பூங்காவில் தோட்டப்பணி. பகலில் மண்வெட்டி பிடிக்கும் ஒருவர், பயிற்சி நேரத்தில் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களை மனத்தில் நிறுத்தி ஓடினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்நாளில் நெடுந்தூர ஓட்டம் பின்லாந்து நாட்டவரின் பரம்பரைச் சொத்துப்போல் இருந்தது. 1912 முதல் 1928 வரை நடந்த ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் 10,000 மீட்டர் ஓட்டத்தில் பொற்பதக்கம் பெற்றவர் பின்லாந்தினரே. அவர்களுள் முதல்வர் பாவோ நூர்மி. 1932 ஜூன் மாதத்தில் ஆண்ட்வெர்ப் நகரில் குசொச்சின்ஸ்கி 3,000 மீட்டரை 8 நிமிடம் 18.8 வினாடியில் ஓடி, நூர்மியின் உலகச் சாதனையை முறியடித்தார். அடுத்த மாத இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பணம் பெற்று ஓடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நூர்மி தடுக்கப்பட்டிருந்தார். ஆயினும் வேறு இரண்டு பின்லாந்து வீரர் களத்தில் இருந்தனர். அவர்களை இரண்டாம் மூன்றாம் இடங்களில் நிறுத்திவிட்டு, 30 நிமிடம் 11.4 வினாடியில் புதிய ஒலிம்பிக் சாதனையுடன் தோட்டப்பணியாளர் வென்றார். அவ்வோட்டத்தில் பாதங்கள் புண்பட்டமையால் 5,000 மீட்டர் ஓட்டத்தில் அவர் கலந்துகொள்ளவில்லை.

பின்னர் முழங்கால் நோவு அவரை ஆண்டுக்கணக்கில் வருத்தியது. மீண்டும் அவர் நலம்பெற்று ஓடத் தொடங்கிய ஆண்டு 1939. அவ்வாண்டு செப்டம்பரில் ஜெர்மானியப் படை போலந்தின்மேல் பாய்ந்தது. குசொச்சின்ஸ்கி தாமாகவே படையில் சேர்ந்து போரிட்டார், காயமுற்றார்.

ஆக்கிரமிப்பாளர் போலந்தியரின் விளையாட்டுச் சங்கங்களைக் கலைத்தனர். ஆடுகளங்களில் அவர்கள் நுழையலாகாது என்றனர். பள்ளிகளையும் நூல்களையும் கொடுங்கோலர் அஞ்சுவது நாம் அறிந்ததே. ஓட்டத்தையும் ஏன் அஞ்ச வேண்டும்? இளைஞர் நாலுபேர் ஓரிடத்தில் கூடினால் ஒழுங்கும் நட்பும் தம்மால் முடியும் என்ற எண்ணமும் தோன்றிவிடுகின்றன. அதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது. வேலையற்ற விளையாட்டு வீரர் சிலர் வார்சாவில் 'சேவல்' பெயர் தாங்கிய உணவு விடுதி ஒன்றில் பரிசாரகராக அமர்ந்தனர். ஒலிம்பிக் வீரர் குசொச்சின்ஸ்கி அங்கே தட்டேந்திப் பரிமாறினார். உள்ளூர அவர் 'ஓநாய்கள்' என்னும் மறைவு இயக்கத்தைச் சேர்ந்தவர். 1940 மார்ச்சில் பிடிபட்டார்.

வார்சாவுக்கு வடமேற்கே காம்பினோஸ் காட்டில் பால்மிரி என்றொரு சிற்றூர் உண்டு. 1940 ஜூன் 20, 21 தேதிகளில் பாவியாக் சிறையிலிருந்து அங்கே லாரிகளில் கொண்டுசெல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டவர் 350 பேருக்கு மேல். நாடாளுமன்றத்தின் முன்னாள் தலைவர் மாச்சேய் ராதாய் அவர்களுள் ஒருவர். குசொச்சின்ஸ்கி ஒருவர். 1924இன் வெள்ளிப் பதக்க வீரர் ஸ்டான்கியேவிச்சும் ஒருவர். குழிகளை மண்ணிட்டு மூடி, மேலே மரக்கன்றுகளை நட்டனர் கொலைஞர். போலந்து வனக்காவலர்கள் உயிரைப் பணயம் வைத்து அவ்விடங்களை இரகசியமாகக் குறித்துவைத்தனர். அதனாலேயே போருக்குப் பின் உடல்களைக் கண்டெடுக்க முடிந்தது.

போர் முடிந்தது, புதிய ஆட்சி சோவியத் நிழலில் எழுந்தது. 1948இல் வார்சாவுக்கும் பிராகுக்கும் இடையே மிதிவண்டிப் பந்தயம் தொடங்கியது. இரு நாட்டுக் கம்யூனிஸ்ட் செய்தித்தாள்கள் நடத்திய இப்பந்தயம் 'அமைதிப் பந்தயம்' எனப் பெயர்பெற்றது. 1956இல் ஸ்டானிஸ்வாவ் க்ரூலாக் அதனை வென்ற முதற் போலந்தியரானார். அரசு தன் புகழுக்காகவே இதை வளர்த்தது, ஐயமில்லை. ஆயினும் சாலையோரம் நின்ற மக்கள் தம் வீரனையே கண்டு ஆரவாரித்தனர்.

விஸ்துலா ஆற்றின் வலக்கரையில் 1955இல் ஒரு பெரிய விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. இடிந்த வார்சாவின் செங்கல்லையும் காரையையும் குவித்தே அதன் பார்வையாளர் மேடைகளை அமைத்தனர். நகரத்தார் தம் பழைய வீடுகளின்மேல் அமர்ந்து பந்தயம் பார்த்தனர் என்றால் மிகையன்று. 1958 ஆகஸ்டில் அமெரிக்கருடன் அங்கே நடந்த போட்டியில், தடைதாண்டி ஓடும் 3,000 மீட்டரை யெர்ஷி ஹ்ரோமிக் 8 நிமிடம் 32 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார்.

அதற்கு நான்கு ஆண்டு முன்னரே, 1954இல், குசொச்சின்ஸ்கி நினைவுப் போட்டிகள் வார்சாவில் தொடங்கிவிட்டன. கம்யூனிஸ்டு அல்லாத மறைவுப் படையினர் பலரின் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய நாள் அது. ஆனால் ஒரு பந்தயத்தின் பெயராக அவர்களுள் ஒருவரை ஒலிபெருக்கியில் அறிவிக்க முடிந்தது! மேடைப் பேச்சால் ஆகாததை ஓட்டப்பந்தயம் செய்தது.

அதே அரங்கு வேறொன்றையும் கண்டது. 1968இல் சோவியத் படைகளும், அவற்றுடன் போலந்துப் படையும், செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. செப்டம்பர் 8ஆம் நாள், அறுவடை விழாக் கூட்டத்தின் நடுவே, ரிஷார்ட் சிவியெட்ஸ் என்னும் கணக்கர் அதனைக் கண்டித்துத் தம் உடலில் தீ வைத்துக்கொண்டார். நான்கு நாட்களில் உயிர் நீத்தார். அச்செய்தியை அரசு மறைத்தது. அடுத்த ஆண்டு அமைதிப் பந்தயத்தில் செக்கோஸ்லோவாக்கியர் கலந்துகொள்ளவில்லை. பந்தயம் பிராகை எட்டாமலே முடிந்தது. மிதிவண்டிகள் சென்ற வழியைப் பார்த்தே நாட்டு நடப்பை அறியலாம் என்னும் நிலை அது.

1979இல் தொலைக்காட்சியாளர் தோமாஷ் ஹோப்ஃபரின் முயற்சியால் வார்சாவில் மாரத்தான் ஓட்டம் தொடங்கியது. பதக்கத்தை நாடாத சாதாரண மக்கள் அதில் ஓடினர். 1989இல் ஆட்சி மாறியபின் விளையாட்டரங்கு பெருஞ்சந்தையாயிற்று. பின்னர் அவ்விடத்தில் எழுந்த புதிய அரங்கு 2012இல் திறக்கப்பட்டது. அதன் அருகே செல்லும் தெருவுக்குச் சிவியெட்ஸின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

1944 ஆகஸ்டில் நகரத்தார் நடத்திய எழுச்சியின் நினைவாக, 1991 முதல் ஜூலைத் திங்களில் மாலை வேளை ஓட்டம் ஒன்று நடைபெறுகிறது. விடுதலை நாளாகிய நவம்பர் 11இல் மற்றோர் ஓட்டம். அதில் ஓடுவோர் வெள்ளையும் சிவப்புமாகச் சட்டை அணிந்து, தொடக்கக் கோட்டில் நிரல்பட நின்று, நாட்டுக் கொடியாகவே காட்சி தருகின்றனர். குசொச்சின்ஸ்கியின் கல்லறை பால்மிரிக் காட்டில், சிலுவைகளின் நெடிய வரிசைகளுக்கிடையே உள்ளது.