பொலிசையும் தவணையும்: நிலைவருவாய் பற்றிய ஒரு சொல்வரலாறு



டத்தோ கிராமாட் வட்டாரத்தில் வாழும் நமக்கு இரண்டு மலாய்ச் சொற்கள் நன்கு பழகியவை. தொழிலில் இடும் பணத்தை மலாய்க்காரர் 'மோடல்' என்பர். அது நம் 'முதல்' என்னும் சொல்லே. அம்முதல் ஈட்டும் வட்டியைப் 'புங்கா' என்பர். பூ என்பது அதன் நேர்ப்பொருள். முதல் வேர், வட்டி அதில் மலரும் பூ. வேர் வாடாதவரையில் பூ கிடைக்கும் என்னும் நம்பிக்கையே நிலைவருவாய் என்னும் கருத்துக்கு அடிப்படை. இந்நம்பிக்கை எப்போது நின்றது, எப்போது தவறியது என்பதைத் தமிழ்ச் சொற்களின் துணைகொண்டு காண்போம்.

கல்வெட்டுத் தமிழில் வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். 'பொலி' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் இது. களத்தில் குவிந்த நெல்லையும் உழவர் பொலி என்றே வழங்குவர். தமிழில் வழக்கொழிந்த இச்சொல், மலையாளத்தில் 'பலிச' என்னும் வடிவில் இன்றும் வட்டியைக் குறித்து நிற்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளை நோக்குக. அரசனும், அவன் தமக்கை குந்தவையாரும், அதிகாரிகளும் வழிபாட்டுக்கென வழங்கிய காசு கோயிற் பண்டாரத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. அது ஊர்ச்சபைகளுக்குக் கடனாக அளிக்கப்பட்டது. சபையார் காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசை செலுத்தினர்; அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. வேறு சில ஊரார் காசுக்குப் பதிலாக, காசு ஒன்றுக்கு முக்குறுணி நெல் அளந்தனர். அந்நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் கல்லில் வெட்டப்பட்டது.

இங்கே மாணவர் ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். முக்குறுணி நெல் அரைக்கால் காசுக்கு ஈடாயின், ஒரு காசுக்கு இருபத்து நான்கு குறுணி, அஃதாவது இரண்டு கலம் நெல். இரு முறையிலும் வட்டி ஒன்றே. ஆயினும் இரண்டும் ஒரே காப்பைத் தருவன அல்ல. நெல்விலை ஏறினால், காசாகப் பொலிசை பெறுவோரின் அடுக்களை சுருங்கும். நெல்லாகப் பெறுவோர்க்கு அக்குறை இல்லை. திருவமுதுக்கு வேண்டியது நெல்லே ஆதலின், வருவாயையும் நெல்லாகவே வாங்கியது பொருத்தமான ஏற்பாடு.

இதனினும் எளிய வடிவம் விளக்குக் கொடை. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளிப்பார். இறக்கும் ஆட்டுக்கு ஈடாகப் பிறக்கும் குட்டி நிற்கும். மந்தையின் தொகை குறையாது. ஆகவே அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். முதலை அழியாது காத்துப் பயனை மட்டும் துய்த்தல் என்னும் நெறியை இதைவிடச் சுருக்கமாக உரைத்த தொடரை நாம் அறியோம்.

இந்நெறி கடல் கடந்ததும் பெயர் மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு வீதியில் கிட்டங்கி அமைத்துத் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஏடுகளில் வழங்கிய சொல் 'தவணை'. குறித்த கெடுவுக்கு வைக்கும் வைப்பு தவணைப் பணம். அப்போதைய வீதத்துக்கு உட்பட்டது நடப்பு வட்டி. இரங்கூனில் நடப்பு வட்டி வீதத்தை நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி முடிவு செய்தனர். கோயில் பணமும், பெண்டிரின் சீதனமாகிய ஆச்சிமார் பணமும் இவ்வகையில் வைக்கப்பட்டன. தைப்பூசத்தில் டத்தோ கிராமாட் சாலை வழியே தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் வெள்ளி இரதத்தைக் காண்போர், அதனைப் பேணும் அறநிதிகளுக்குப் பின்னும் இத்தகைய வட்டிக் கணக்குகள் நின்றன என்பதை நினைத்தல் தகும்.

ஆனால் நிலைவருவாய் எனப்பட்டதெல்லாம் நிலைத்துவிடவில்லை. கீழைப் பர்மாவில் 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. உழவர் வட்டி கட்ட இயலாது போயினர். வட்டிக்கு ஈடாக நிலமே நகரத்தார் கைக்கு வந்தது. பின்னர் அந்நிலமும் பறிபோயிற்று. கடன் பெற்றவரின் வருவாய் வற்றினால் கடன் கொடுத்தவரின் வருவாயும் வற்றும்.

பினாங்கு கண்டது வேறொரு பாடம். 1941 இறுதியில் சப்பானியர் வந்தனர். வாழைமரப் படம் பொறித்த பத்து வெள்ளித் தாள் புழக்கத்துக்கு வந்தது. அத்தாள்கள் அளவின்றி அச்சிடப்பட, விலைவாசி விண்ணை முட்டியது. 1945இல் ஆட்சி முடிந்ததும் அவை வெறுங்காகிதம் ஆயின. அத்தாளில் சேமித்தோர்க்கு எண் குறையவில்லை. எண்ணால் வாங்கக்கூடிய அரிசி மறைந்தது. நெல்லாகப் பொலிசை வாங்கியோர் எதற்கு அஞ்சினரோ, அதுவே இங்கு நிகழ்ந்தது.

இன்றைய கடன்பத்திரமும் இதே குடும்பத்தைச் சார்ந்தது. அரசோ நிறுவனமோ பெறும் கடனுக்குக் குறித்த வட்டியும், குறித்த நாளில் முதலும் தருவதாக அது உறுதி கூறும். சந்தையில் வட்டி வீதம் உயர்ந்தால் பழைய பத்திரத்தின் விற்பனை விலை தாழும். தவணை முடியும்வரை வைத்திருப்போர்க்கு அவ்விலைத் தாழ்வு பொருட்டன்று. 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதியும் தன் பணத்தில் கணிசமான பகுதியை நிலைவருவாய்ப் பத்திரங்களில் இட்டுள்ளது. ஆகவே பத்திரம் என்னும் சொல்லையே கேளாத தொழிலாளரும் அவற்றின் பயனைத் துய்க்கின்றனர். வட்டியை விலக்கும் இசுலாமிய நெறிக்கேற்ப அமைந்த 'சுக்குக்' பத்திரத்தை மலேசிய அரசு 2002இல் உலகச் சந்தையில் வெளியிட்டு, அத்துறையில் முன்னோடியாயிற்று.

'சந்திராதித்தவற்' என்று, ஞாயிறும் திங்களும் உள்ளளவும் நிற்குமாறு எழுதிய சோழர் கொடைகளும் ஒரு நாள் நின்றுபோயின. பிரிட்டன் பதினெட்டாம் நூற்றாண்டில் முடிவு நாளின்றி வெளியிட்ட 'கான்சல்' பத்திரங்களின் மரபும் 2015இல் முதலைத் திருப்பித் தந்து முடிக்கப்பட்டது. எனவே 'என்றும்' என்னும் சொல்லை நம்புவதினும், கல்வெட்டு எழுதியோர் கேட்ட மூன்று வினாக்களைக் கேட்பதே நமக்கு நன்று. ஏற்பவர் யார்? எதனால் அளப்பர்? முதல் எவ்வாறு காக்கப்படும்?

ஓய்வூதியத்தை எண்ணும் ஆசிரியர்க்கும், முதல் சம்பளத்தை எதிர்நோக்கும் மாணவர்க்கும் இம்மூன்றும் பொருந்தும். வட்டி வீதத்தை எல்லா விளம்பரங்களும் பெரிய எழுத்தில் கூறும். ஆடவல்லான் மரக்காலை நாமே தேடிக் கண்டு அளந்துகொள்ள வேண்டும்.