பாராமகாலின் மழைநாள்

1792இல் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பாராமகால், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களை உள்ளடக்கியது. 'பாரா' என்ற இந்துஸ்தானிச் சொல் பன்னிரண்டையும், 'மகால்' அரண்மனையையும் குறிக்கும். ஓசூரோ 1799 வரை மைசூர்ப் பக்கமே இருந்தது.

இச்சீமையை நிர்வகிக்க அனுப்பப்பட்ட அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நாட்டைப் படித்தது பெரிதும் கூடாரங்களிலிருந்துதான். நஞ்சை, புஞ்சை, தோட்டம் என வகைபிரித்து வயல்களைச் சங்கிலியிட்டு அளக்கும் வேலை சேற்றில் நடவாது. ஆகவே மழை பிடித்துக்கொண்ட நாளில் கர்ணம், அதாவது ஊர்க் கணக்கர், கொணர்ந்த கணக்குகளைப் புரட்டுவதும், அடுத்த சுற்றுக்குத் திட்டமிடுவதும், கப்பலேறி மாதக்கணக்கில் பயணம் செய்து ஸ்காட்லாந்து சேரும் கடிதங்களை எழுதுவதுமே மிஞ்சியிருக்கும்.

ஜமீன்தாரை இடையில் வைக்காமல் உழவரோடு நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இப்படித்தான் இங்கே உருப்பெற்றது. அதை மன்றோவின் பெயரோடு மட்டும் பிணைத்துப் பேசுவது நியாயமன்று. தொடங்கி வைத்தவர் ரீட். அவ்விருவருக்கும் ஊரின் நிலத்தைச் சொல்லிக்கொடுத்த கர்ணங்களோ பெயரின்றியே போயினர்.

1820இல் சென்னை ஆளுநரான மன்றோ அம்முறையை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரப்பினார். 1827 ஜூலையில், மீண்டும் ஒரு சுற்றுப்பயணத்தின் நடுவே, பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார்.