இரட்டைச் சூரியோதயமும் பெருவட்டப் பாதையும்

சித்தாண்டியில் நின்றுகொண்டு ‘கனடா எந்தத் திசையில் இருக்கிறது?’ என்று கேட்டால், பெரும்பாலானோர் வாவிக்கும் வயல்களுக்கும் அப்பால் மேற்கைக் காட்டுவர். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய உலகப்படம் கற்பித்த பாடம் அது. ஆனால் பூமி உருண்டை ஒன்றை எடுத்து, சித்தாண்டிக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் விடை வேறு. நூல் ஏறத்தாழ வடக்கு நோக்கியே புறப்படும். மேற்குப் பக்கமாகச் சாய்வது 17 பாகை மட்டுமே. வட இந்தியா, யூரல் மலை, நோர்வேயின் வடமுனை, கிரீன்லாந்து என்று சென்று, கனடாவுக்குள் வடக்கிலிருந்து இறங்கும்.

இந்த நூல் வரைவதே பெருவட்டப் பாதை. பூமியின் மையத்தை ஊடறுத்து வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டம் பெருவட்டம். அதன் வில்லே இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி. சித்தாண்டிக்கும் ரொறன்ரோவுக்கும் அவ்வழியே தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். 1569இல் மெர்கேற்றர் வகுத்த முறைப்படியான தட்டைப்படத்தில் அடிமட்டம் வைத்து நேர்கோடு வரைந்தால், அது செங்கடல், சகாரா, அத்திலாந்திக் என்று போய் 2,000 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும். கடலோடிகள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வான்வழியில் இக்கணிதம் வணிகமானது 1954 நவம்பர் 15இல். அன்று ஸ்கண்டினேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து கிரீன்லாந்து வழியாக லொஸ் ஏஞ்சலிஸுக்குத் தன் துருவச் சேவையைத் தொடக்கியது.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, அக்காலத்தின் மிக நீண்ட இடைநில்லா விமானச் சேவை ஒன்று நமது தீவிலிருந்து நடந்தது என்பதைப் பலர் அறியார்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அடுத்த ஏப்ரலில் போர் இலங்கையின் வாசலுக்கே வந்தது. ஏப்ரல் 4இல், காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரியிலிருந்து எழுந்த கட்டலீனா நீர்விமானம் ஒன்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்தது. அதன் தலைவர் லெனாட் பேர்ச்சல் என்ற கனடியர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அக்கப்பலில் மட்டும் மாண்டவர் 307 பேர். அதன் சிதைவு இன்றும் அக்கடலடியில் கிடக்கிறது.

அறுந்த வழியை மீண்டும் இணைக்க, 1943 நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கட்டலீனாக்களைக் கொண்டு பேர்த் நகரின் சுவான் நதியிலிருந்து கொக்கல ஏரிக்குச் சேவை தொடக்கியது. இடையில் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். முழுதும் இந்து சமுத்திரம். எரிபொருளே விமானத்தை நிறைத்ததால் மூன்று பயணிகளும் சுமார் 69 கிலோ தபாலும் மட்டுமே ஏற்ற முடிந்தது. மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகத்தில் பயணம் 27 முதல் 33 மணி நேரம் நீடித்தது. ஜப்பானியர் கண்ணில் படக்கூடிய பகுதியை இருளில் கடக்கும்படி புறப்படும் நேரம் குறிக்கப்பட்டது. எதிரி செவிமடுப்பான் என்பதால் வானொலியும் மௌனம். வழிகாட்டியவை விண்மீன்களே. விமானங்களுக்கும் அவற்றின் பெயர்களையே இட்டனர்: அல்டெய்ர், வேகா, ரைஜெல், அன்ராரிஸ், ஸ்பைகா.

ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்ட பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியக் கழகம்’ என்ற பெயரில் சான்றிதழ் வழங்கினர். 1945 ஜூலை வரை 271 தடவைகள் கடலைக் கடந்தனர். ஒரு விமானமும் இழக்கப்படவில்லை. சிட்னியிலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாமல் பறக்கும் தன் திட்டத்துக்கு 2017இல் குவாண்டாஸ் ‘சூரியோதயம்’ என்று பெயரிட்டது இதன் நினைவாகவே.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கொக்கலைக்கும் பேர்த்துக்கும் இடையே பெருவட்டத்துக்கும் தட்டைப்படத்தின் நேர்கோட்டுக்கும் உள்ள தூர வேறுபாடு சில கிலோமீற்றர்களே. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் தட்டைப்படத்தின் பொய் சிறியது. துருவங்களை நெருங்க நெருங்கவே அது பெருகும். ஆகவே அந்த விமானிகளின் சிக்கல் கணிதம் அன்று. எரிபொருளும் காற்றும் எதிரியுமே அவர்களுடைய சிக்கல்கள்.

சித்தாண்டியிலிருந்து ரொறன்ரோ செல்லும் நூலின் கதை நேர்மாறானது. அங்கே கணிதம் பெரும் ஆதாயம் தருகிறது. ஆனால் அந்நூலின் மேலே பறக்கும் உரிமை வேறு கைகளில் உள்ளது. 2022 பெப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடாவும் ரஷ்யாவும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வான்வெளியை மூடின. யூரலின் மேலான கோடு கனடிய விமானங்களுக்கு அன்றே அடைபட்டது.

நம்மவருக்கு இது புதிதன்று. 1986 ஆகஸ்ட் 11இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை அவ்வூர் மீனவர் காப்பாற்றினர். போரிலிருந்து தப்பி மேற்கு ஜேர்மனி சேர்ந்து, அங்கிருந்து கப்பலில் அத்திலாந்திக்கைக் கடந்து, நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் வந்த வழி பெருவட்டமும் அன்று, நேர்கோடும் அன்று. எந்த எல்லை திறந்திருந்ததோ, எவர் ஏற்றிச் செல்ல இசைந்தாரோ அதுவே அவர்களின் வழியாயிற்று.

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கோளக் கணிதம் பிழையின்றிச் சொல்லிவிடும். புலம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பமும் உண்மையில் கடந்த தூரத்தைக் கணக்கிட அந்தச் சூத்திரம் போதாது. கிழக்கின் ஊர்களில் இன்னும் உயிரோடிருக்கும் முதியோரிடம், தம் பிள்ளைகள் எவ்வெந்நாடுகள் வழியாகப் போய்ச் சேர்ந்தனர் என்று யாரேனும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கட்டலீனாக்களின் பயணக் குறிப்புகள் பேணப்பட்டதால்தான் அவற்றின் கதையை இன்று நாம் எழுத முடிகிறது.