சாஜ் மரமும் சீமெந்துத் தூணும்

மஸ்ஜிதுந் நபவி எதனால் கட்டப்பட்டது என்று இப்னு உமர் (றழி) அவர்கள் சொல்லும் செய்தி ஒன்று ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களுடைய காலத்தில் சுவர் சுடாத மண்கல். கூரை பேரீத்த ஓலை. தூண் பேரீத்த மரம். அபூபக்ர் (றழி) அவர்கள் அதில் கைவைக்கவில்லை. உமர் (றழி) அவர்கள் பள்ளியைப் பெருப்பித்தார்கள், பொருளை மாற்றவில்லை. உஸ்மான் (றழி) அவர்களுடைய காலத்தில்தான் செதுக்கிய கல்லும் சுண்ணச் சாந்தும் வந்தன. கூரைக்கு 'சாஜ்' போடப்பட்டது.

தமிழ் படித்தவன் என்பதால் அந்தக் கடைசிச் சொல்லில்தான் எனக்குக் கண் நின்றது. சாஜ் என்றால் தேக்கு. தேக்கு அறபு மண்ணின் மரமல்ல. மராத்தியில் இன்றும் அதற்கு 'ஸாக்' என்றே பேர். மரத்தோடு சேர்ந்து பேரும் கப்பலேறிப் போயிருக்கிறது. (பல நூற்றாண்டு கழித்து நம்முடைய 'தேக்கு' என்ற சொல்லும் போர்த்துக்கேயர் வாயில் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது. அது வேறு கதை.) ஹிஜ்ரி 29 அளவில், அதாவது கிபி 650ஐ ஒட்டி, மதீனாவின் கூரைக்கு இந்து சமுத்திரக் கரையின் மரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது சின்ன விசயமல்ல. பாரசீக வளைகுடாவின் சீறாஃப் துறைமுகத்தில் மாடி வீடுகளே சாஜ் மரத்தாலும் கிழக்காபிரிக்க மரத்தாலும் கட்டப்பட்டிருந்ததைப் பத்தாம் நூற்றாண்டுப் புவியியலாளர் இஸ்தக்ரீ எழுதியிருக்கிறார். கட்டட மரம் அந்தக் காலத்தில் மிளகைப் போல ஒரு கடல் வியாபாரப் பண்டம்.

அப்படிப் போன தேக்கில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. துனீசியாவின் கைறவான் பெரிய பள்ளிவாசலின் மிம்பர் கிபி 862, 863 அளவில் செய்யப்பட்டது. செதுக்கிய தேக்குத் துண்டுகள் முந்நூறுக்கு மேல் சேர்த்துப் பூட்டியது. உலகில் எஞ்சியுள்ள மிம்பர்களில் ஆகப் பழையது அதுதான் என்பார்கள். 1,160 வருடம்!

இதில் காலநிலைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மரம் வளரும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து, அதிலுள்ள காபனைத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி காபன். ஒரு கனமீற்றர் காய்ந்த தேக்கு 650 கிலோ அளவு இருக்கும். அதற்குள் அடங்கியிருக்கும் காபனைக் காபனீரொட்சைட்டாகக் கணக்கிட்டால் ஒரு தொன்னுக்கு மேலே வருகிறது. மரத்தை எரித்தால் அது உடனே காற்றுக்குத் திரும்பும். உக்கவிட்டால் மெல்ல மெல்லத் திரும்பும். கூரையில் வளையாகவோ கைமரமாகவோ இருக்கும்வரை திரும்பாது. கைறவான் மிம்பர் ஒன்பதாம் நூற்றாண்டுக்கு முந்திய காற்றை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது என்று சொன்னால் கவிதை போலத் தெரியும். அது வெறும் இரசாயனக் கணக்கு.

சீமெந்து இதற்கு நேரெதிர். சுண்ணக்கல்லைச் சூளையில் சுட்டால், கல் 100 கிலோவுக்கு 44 கிலோ காபனீரொட்சைட்டு கல்லிலிருந்தே வெளியேறும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்குப் புறம்பு. 1824இல் இங்கிலாந்தில் யோசப் அஸ்ப்டின் 'போட்லண்ட் சீமெந்து' என்று உரிமம் எடுத்த பொருள், இன்று மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குக்குக் காரணமாயிருக்கிறது. பழைய பள்ளிகளின் சுண்ணச் சாந்தும் சுட்ட கல்தானே என்றால், உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு இறுகும்போது, கல் விட்டதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். சீமெந்து அந்தளவுக்கு எடுப்பதில்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் மரத்தால் கட்டிவிடலாமா? இங்கேதான் சிலர் அவசரப்படுகிறார்கள். வெட்டிய மரம் முழுவதும் கட்டடத்துக்குப் போவதில்லை. வேர் மண்ணில் உக்கும், கொப்பு விறகாகும், ஆலையில் தூளாகப் போவது கொஞ்சமல்ல. வெட்டிய இடத்தில் இன்னொரு மரம் எழும்பாவிட்டால் கணக்கு நட்டம். எழும்பினாலும், கட்டடம் முப்பது வருடத்தில் இடிபட்டு அதன் மரம் அடுப்புக்குப் போனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே எத்தனை கனமீற்றர் என்பதோடு எத்தனை வருடம் என்பதையும் கேட்கவேண்டும்.

வருடத்தைக் கூட்டுவதற்கு மரத்தை எப்படிப் பேணுவது என்பதை அனத்தோலியாவின் மரப் பள்ளிவாசல்கள் காட்டுகின்றன. துருக்கியிலுள்ள ஐந்து பள்ளிகளை யுனெஸ்கோ 2023இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அஃபியோன், சிவ்ரிஹிசார், அங்காரா, பெய்ஷெஹிர் ஆகிய ஊர்ப் பள்ளிகள் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி; கஸ்தமோனுப் பக்கத்துக் கிராமப் பள்ளி 1366. வெளியே பார்த்தால் கல் சுவர். உள்ளே நுழைந்தால் மரத்தூண்களின் ஒரு தோப்பு.

அவற்றில் பெரியது பெய்ஷெஹிர் ஏரிக்கரையில் இருக்கும் எஷ்ரெஃபோக்லு பள்ளி. 1296க்கும் 1299க்கும் இடையில் எழும்பியது. மொங்கோலியர் ஆதிக்கத்தில் அனத்தோலியா நொந்து கிடந்த காலம் அது. தூண்கள் தேவதாரு வகை மரம். பள்ளியின் நடுவில், தொழும் இடத்துக்குள்ளேயே, ஒரு குழி இருக்கிறது. அதற்கு நேர் மேலே கூரையில் திறப்பு. மாரி காலத்தில் கூரையில் விழும் பனியை அந்தத் திறப்பால் குழிக்குள் தள்ளிவிடுவார்கள். பனி மெதுவாகக் கரைந்து உள்ளே ஈரத்தைக் கொடுக்கும். மரம் காய்ந்து வெடிக்காது. நம்முடைய பழைய பள்ளிகளில் ஹவுழ் இருப்பது போல அங்கே ஒரு பனிக்குழி! எழுநூறு வருடத்துக்கு மேலாக அந்தத் தூண்கள் நிற்கின்றன என்றால், மரத்தின் உறுதியோடு இந்தப் பராமரிப்புக்கும் அதில் பங்குண்டு.

பெய்ஷெஹிரின் வைத்தியம் நமக்கு உதவாது. நமக்கு ஈரமும் கறையானும்தான் எதிரி. அதற்கும் நம்மவர் வழி வைத்திருந்தார்கள்: தூணை மண்ணில் நடாமல் கல் பீடத்தில் நிறுத்தினார்கள், தாழ்வாரத்தை நீட்டி மழைச்சாரலைத் தடுத்தார்கள், வேப்பெண்ணெய் பூசினார்கள். முதிரையும் பாலையும் கருங்காலியும் இருந்த காடு பக்கத்தில் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காட்டைத் தீர்த்ததில் ஏற்றுமதிக்கும் பங்கு, நமக்கும் பங்கு. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசாங்கம் 1990இல் நிறுத்தியது சரியான முடிவு என்பதே என் எண்ணம். அதற்குப் பிறகு இங்கே புதிதாக ஒரு முதிரைத் தூண் கிடைப்பது இலேசல்ல.

அதனால்தான் இருக்கிற தூண் பெறுமதியாகிறது. நான் அறிந்த ஒரு ஊரில் பழைய பள்ளியை உடைத்துப் புதிதாகக் கொங்கிறீட்டில் கட்டினார்கள். சனம் கூடிவிட்டது, இடம் போதாது, நியாயம்தான். உடைத்த வளைகளும் கைமரங்களும் மழையில் கிடந்தன. வயசான ஓடாவி ஒருவர் நகத்தால் ஒரு வளையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், இது முதிரை. உள்ளுக்கு ஒண்ணும் ஆகல்ல. இன்னும் நூறு வருசம் நிக்கும்." கொஞ்சம் விலைக்குப் போனது. மிச்சம் கந்தூரி அடுப்புக்கு. அந்தச் சோற்றோடு எத்தனை கிலோ காபன் புகையாய்ப் போனது என்று யாரும் நினைக்கவில்லை. நினைக்க வேண்டுமென்று அப்போது யாரும் சொல்லிக்கொடுக்கவுமில்லை.

புதிய பள்ளி மரத்தால் கட்ட முடியாதென்றும் இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மத்திய பள்ளிவாசல் 2019இல் திறக்கப்பட்டது. அதன் தூண்கள் ஸ்புரூஸ் மரப் பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்தவை. மேலே போய்க் கிளைகளாய் விரிந்து ஒன்றோடொன்று பின்னிக் கூரையைத் தாங்குகின்றன. வெட்டவெட்ட நட்டு வளர்க்கும் காடும் அதற்கான ஆலையும் உள்ள நாடுகளுக்கு அது சரி. நமக்கு இன்றைக்குக் கையில் உள்ளது பழைய மரமும் வளவில் நிற்கும் பலாவும். பலாவைத் தறிக்க அனுமதி எடுக்கவேண்டும் என்று 1951இலேயே சட்டம் வந்துவிட்டது. பழைய மரத்துக்கு அப்படி ஒரு சட்டம் எனக்குத் தெரிய இல்லை. பள்ளி உடைக்க முன்னர் ஓடாவி ஒருவரைக் கூப்பிட்டு, எது என்ன மரம், எத்தனை அடி, எந்த வருடம் ஏற்றியது என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்க நம்பிக்கையாளர் சபைக்கு அரைநாள் போதும். மரத்தை அறிந்த ஓடாவிமார் அநேகமான ஊர்களில் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.